முப்பத்தாறு அங்குலம்

அடுப்பு வந்துவிட்டது. பற்றவைக்க அனுமதி வரவில்லை.

எல்டன் ஹாட்ச் அதைக் கூடத்துச் சுவரோரம் இறக்கியிருந்தான். வீட்டைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு விறகு அடுப்பு. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. ஏரிக்கரையில் வேட்டைக் குடிலை விற்றுவிட்டுப் போனவரிடமிருந்து வாங்கியது. தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. நாலு பேரும் போன பிறகு, அடுப்புக்கு எதிரே தன் மனைவி நேடினின் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

நேடின் வந்து பார்த்தாள்.

"எப்படி?"

"பெருசா இருக்கு."

"நாரிஸோடதைவிடப் பெருசு."

"நாரிஸோடது இன்னும்..."

"அதைப் பத்தி இந்த வீட்ல பேச்சு வேண்டாம்."

அவள் சரி என்றாள். கொக்கியிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"ஆறு மணிக்கு வந்துடறேன். பீன்ஸ் வேகுது, ஒரு தடவை கிளறிவிடு."

மணி மூன்று.

கல்யாணமாகி முப்பது வருடம். காலையில் தபால் அலுவலக வேலை, மத்தியானம் கூடத்து நாற்காலி. நேடின் அப்படித்தான் இருந்தாள். அக்டோபரில் பக்கத்து வீட்டு நாரிஸ் புது அடுப்பு வைத்தான். சாலையில் இருந்த எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். நேடினும் போனாள். மறுநாளும் போனாள். இப்போது டிசம்பர்.

நாரிஸ் மனைவியை இழந்து நாலு வருடமாகிறது. நேடினும் அவனும் துளைப்பலகையில் குச்சி நகர்த்தி ஆடும் சீட்டு ஆடினார்கள். எல்டனுக்கும் அந்த ஆட்டம் தெரியும். தீயணைப்புக் கூடத்துப் போட்டியில் ஒருமுறை நாரிஸிடம் தோற்றிருக்கிறான். அதற்குப் பிறகு சீட்டைத் தொடவில்லை.

கொட்டகையில் சின்ன எஞ்சின்களைப் பழுது பார்ப்பது எல்டனின் தொழில். கொட்டகை ஜன்னலிலிருந்து நாரிஸின் வீடு முழுதாகத் தெரியும். இரண்டு மாதமாக அவன் எஞ்சின்களைவிட அந்த வீட்டைத்தான் அதிகம் பார்த்தான்.

நாரிஸின் புகைபோக்கியில் புகையே இல்லை. புது ரக அடுப்பில் புகை வெளியே தெரியாது, எல்லாம் உள்ளேயே எரிந்துவிடும் என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தது. எல்டன் அதை மூன்று தடவை படித்தான்.

அடுத்து, கூரை. இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டின் தரத்தைக் கூரையில்தான் பார்ப்பார்கள். கூரைப் பனி உருகி ஓரத்தில் மறுபடி உறைந்து ஊசியாகத் தொங்கினால், வீட்டுக்காரன் தன் சூட்டை ஆகாயத்துக்குக் கொடுக்கிறான் என்று அர்த்தம். எல்டனின் கூரையில் ஊசிகள் கை நீளம் தொங்கின. நாரிஸின் கூரையில் பனி இரண்டடி உயரத்துக்கு மெத்தை போட்டதுபோல் கிடந்தது. ஒரு சொட்டுகூட உருகவில்லை. எவ்வளவு சூடு இருந்தும் ஒரு துளி வெளியே போகவில்லை.

ஆறு மணிக்கு நேடின் திரும்பி வந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"சூடா இருந்ததா?" என்றான் எல்டன்.

"நல்லா இருந்தது," என்றாள்.

*

ஊர் அலுவலகம் செவ்வாயும் வியாழனும் மட்டும் திறக்கும். கட்டட அதிகாரி மிஸஸ் திபோடோ நாலு ஊருக்கும் சேர்த்து ஒரே அதிகாரி. காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுவார். பஸ்ஸில் ஏறும் எல்லாரையும் கண்ணு என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது.

"எந்த ரோடு, கண்ணு?"

எல்டனுக்கு வயது ஐம்பத்தெட்டு.

"மில் ப்ரூக் ரோடு. கடைசிக்கு முந்தின வீடு."

"ஓ, நாரிஸுக்குப் பக்கமா. அவர் அடுப்பையும் நான்தான் போய்..."

"நாரிஸ் கதை வேண்டாம். என் அடுப்புக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். பிறகு ஒரு படிவத்தை எடுத்தார்.

"அடுப்புக்குப் பின்னாடி ஒரு தகடு இருக்கும். எந்தக் கம்பெனி, சுவர்லேருந்து எத்தனை அங்குலம் தள்ளி வைக்கணும்னு எல்லாம் அதுல இருக்கும். பார்த்து எழுதிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து பார்த்தான். தகடு இருந்தது. அடுப்போடு சேர்த்து அதற்கும் யாரோ கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். எல்டன் துளைபோடும் எந்திரத்தில் கம்பித் தூரிகையை மாட்டிச் சுரண்டினான். பூச்சு போயிற்று. எழுத்தும் கூடவே போயிற்று.

வியாழக்கிழமை மிஸஸ் திபோடோ நேரில் வந்தார். தகட்டை விரலால் தடவினார்.

"முகம் பார்க்கலாம் போலிருக்கே."

"கொஞ்சம் அழுத்தமாத் தேய்ச்சுட்டேன்."

"தகடு இல்லேன்னா அது பேர் தெரியாத அடுப்பு. பேர் தெரியாத அடுப்புன்னா முப்பத்தாறு அங்குலம். நாலு பக்கமும். எரியற பொருள் எதுவும் அதுக்குள்ள வரக்கூடாது."

"எரியற பொருள்னா?"

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "சுவர். திரைச்சீலை. அந்தப் புத்தக அலமாரி. பெஞ்சு. இந்த நாற்காலி." கம்பளத்தில் படுத்திருந்த நாயைப் பார்த்தார். "அது பரவால்ல. அதுவே எழுந்து போயிடும்."

கூடத்தின் அகலம் பதினோரு அடி. எல்டன் டேப்பைப் பிடித்து மத்தியானம்வரை அளந்தான். அடுப்பு சுவரை விட்டு நடுக்கூடத்துக்கு வந்தது. பெஞ்சு கொட்டகைக்குப் போனது. அலமாரி நடைபாதைக்கு. திரைச்சீலை பெட்டிக்குள். நேடினின் நாற்காலிக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம். வாசற்கதவுக்குப் பின்னால், கதவிடுக்கில் காற்று வரும் இடம்.

யாருக்காக அடுப்பு வாங்கினானோ அவளை அடுப்பு மூலையில் தள்ளிவிட்டது. அவள் கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தான். நேடின் உட்கார்ந்தாள். கதவிடுக்கின் பக்கம் காலை நீட்டினாள்.

"இந்த இடம் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அதில் கேலி எங்கே இருக்கிறது என்று எல்டன் தேடினான். அகப்படவில்லை. ஆனால் இருந்தாக வேண்டும்.

அவளுக்குக் குளிருமே என்று எழுந்து போய்ச் சுவரிலிருந்த சூட்டுத் திருகைத் திருப்பினான். நிலவறையில் பழைய எண்ணெய்க் கொதிகலன் உறுமியது. அறுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்தது எழுபத்திரண்டுக்குப் போயிற்று.

கால் மணியில் நேடின் எழுந்தாள். கம்பளிச் சட்டையை எடுத்தாள்.

மணி இரண்டரை.

*

மறுநாள் எல்டன் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தான். டுவைன் எடுத்தான். டுவைனின் அப்பா காலத்திலிருந்தே வீட்டு இன்சூரன்ஸ் அங்கேதான்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் டுவைன். ஒருத்தன் வீட்ல விறகு அடுப்பு வெச்சா..."

"எப்ப வெச்சீங்க?"

"ஒரு பேச்சுக்குன்னேனே."

"எழுதிட்டேன்."

"என்னத்த எழுதினே?"

"வீட்ல விறகு அடுப்பு இருக்குன்னு. காதுல விழுந்தா எழுதியாகணும் எல்டன். என் வேலை அது."

"அதை இன்னும் ஏத்தவே இல்லப்பா."

"ஏத்தினது ஏத்தாததுன்னு எங்க படிவத்துல ரெண்டு கட்டம் கிடையாது. இருக்கு, இல்ல. அவ்வளவுதான்."

"அப்ப இல்லன்னு போடு. நான் தூக்கிடறேன்."

"தூக்கினதுக்கு ஊர் அதிகாரி கையெழுத்து வேணும்."

"வெச்சுக்கறதுக்கு?"

"அதுக்கும் அவங்க கையெழுத்துதான். கூட நாலு போட்டோ. முப்பது நாள் டைம். அதுக்குள்ள வரலேன்னா வீட்டுக்கு இன்சூரன்ஸ் கிடையாது."

எல்டன் போனைப் பிடித்தபடி நின்றான். ஜன்னலுக்கு வெளியே இரண்டு வீட்டுக்கும் நடுவே எழுபது அடி. பனியில் நேடின் நடந்து நடந்து ஒரு பாதை விழுந்திருந்தது. இந்தப் பக்கப் பாதி வெறும் காலடித் தடம். அந்தப் பக்கப் பாதியை யாரோ மண்வாரியால் நேர்க்கோடாக ஒதுக்கி, ஓரம் தட்டி, உப்புப் போட்டிருந்தார்கள்.

"எதுக்கு இந்த வயசுல விறகு தூக்கிட்டு?" என்றான் டுவைன். "எண்ணெய்ல நல்லாத்தானே ஓடிட்டிருக்கு."

"நல்லா ஓடல," என்றான் எல்டன்.

*

வீட்டில் செங்கல் புகைபோக்கி ஒன்று இருந்தது. அதில் எண்ணெய்க் கொதிகலனின் புகை போய்க்கொண்டிருந்தது.

"ஒரு புகைபோக்கியில ரெண்டு அடுப்பு கூடாது," என்றார் மிஸஸ் திபோடோ போனில். "தனிக் குழாய் போடுங்க. சுவர் வழியா வெளிய எடுத்துக் கூரைக்கு மேல கொண்டுபோகணும்."

எல்டன் கூடத்துச் சுவரில் ஓட்டை போட்டான். சாப்பாட்டுத் தட்டு அளவு. வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. ஓட்டை வழியாக வந்த காற்றில் நாய் எழுந்து மாடிக்குப் போய்விட்டது.

அன்று நேடின் நாரிஸ் வீட்டுக்குப் போகவில்லை.

நாற்காலியை ஓட்டைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள். மடியில் பலகையை வைத்துத் தனியாகவே சீட்டு ஆடினாள். முன்தலைமுடி காற்றில் பறந்தது. மூன்று மணி ஆயிற்று. நாலு ஆயிற்று.

"நீ போகலையா?"

"இன்னிக்கு இங்கயே நல்லா இருக்கு."

எல்டன் யோசித்தான். ஒருத்தி குளிர்காலத்தில் சுவர் ஓட்டைக்கு எதிரே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அதற்கு ஒரே பொருள்தான். வீட்டை நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் பார், என்கிறாள். வாயால் சொல்லவில்லை. உட்கார்ந்து காட்டுகிறாள்.

அவமானமாக இருந்தது. ஐந்து மணிக்குக் கண்ணாடிப் பஞ்சைத் திணித்து மேலே பலகை அறைந்தான். அவள் உடம்பில் ஏறிய குளிர் இறங்கட்டும் என்று திருகை எழுபத்தைந்துக்கு வைத்தான்.

மறுநாள் நேடின் இரண்டு மணிக்கே கிளம்பினாள்.

எல்டன் ஏணிமேல் நின்று ஓட்டைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அளந்துகொண்டிருந்தான்.

"என்னதான் பிரச்சினை நேடின்? சொல்லித் தொலை."

"சூடா இருக்கு எல்டன்."

"கிண்டல் பண்ணாதே."

"கிண்டல் இல்ல. டாக்டர்கிட்டயே கேட்டேன். ரெண்டு வருஷம் இருக்கலாம்னார். சில பேருக்கு அஞ்சு வருஷம்கூட..."

"ரெண்டடி," என்றான் எல்டன்.

"என்ன?"

"ஜன்னலுக்கும் இதுக்கும் ரெண்டடிதான் இருக்கு. குழாய் மேல போறப்ப மாடி ஜன்னலை உரசும். ஓட்டையைத் தப்பான இடத்துல போட்டுட்டேன்."

திரும்பிப் பார்த்தபோது கொக்கியில் கம்பளிச் சட்டை இல்லை.

*

புது ஓட்டை மூன்றடி இடப்பக்கம் விழுந்தது. ஓட்டை நகர்ந்ததால் அடுப்பு நகர்ந்தது. அடுப்பு நகர்ந்ததால் வாசற்கதவுக்குப் பின்னாலிருந்த இடமும் முப்பத்தாறு அங்குலத்துக்குள் வந்துவிட்டது. நாற்காலி சமையலறைக்குப் போயிற்று. குளிர்பெட்டிக்குப் பக்கத்தில்.

நேடின் அதில் உட்கார்ந்து குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

"என்ன தேடறே?"

"ஒண்ணும் தேடல."

"அப்ப மூடேன்."

மூடினாள். கம்பளிச் சட்டையை எடுத்தாள்.

சனிக்கிழமை குப்பைக் கிடங்கில் நாரிஸைப் பார்த்தான். ஊரார் எல்லாரும் சனிக்கிழமை குப்பையோடு அங்கே வந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவார்கள். நாரிஸ் கோட்டின் மேல் இன்னொரு கோட்டு போட்டிருந்தான். காதுமடல் தொப்பியின் பட்டியைத் தாடையில் கட்டியிருந்தான். உள்ளே அவ்வளவு சூட்டில் இருந்துவிட்டு வெளியே வந்தால் அப்படித்தான் குளிரும் என்று எல்டன் நினைத்துக்கொண்டான்.

"என்னப்பா, அடுப்பு ஏத்தியாச்சா?" என்றான் நாரிஸ்.

"இன்னும் நாள் இருக்கு."

"கேள்விப்பட்டேன். ரெண்டு ஓட்டையாமே."

எல்டன் பாட்டில்களைப் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டான். கேட்கக் கூடாது என்றுதான் வந்திருந்தான். கேட்டுவிட்டான்.

"உன் விறகு அடுக்கைப் பார்க்கறேன். அக்டோபர்ல எப்படி இருந்ததோ அப்படியே இருக்கு."

நாரிஸ் தன் கையுறைகளைப் பார்த்தான். "கொஞ்சமாத்தான் போடறேன்."

"ஒரு கட்டை கூடக் குறையல நாரிஸ்."

"நல்ல அடுப்பு," என்றான் நாரிஸ்.

எல்டன் அடுத்த பாட்டிலைப் பெட்டியில் போட்டான்.

"உங்க வீட்ல எவ்வளவு சூடு வெச்சிருக்கே?" என்றான் நாரிஸ்.

"எழுபத்தஞ்சு."

நாரிஸ் தலையை ஆட்டினான். வருத்தப்படுகிறவன் போல. "பத்தாது."

"பத்தாதா?"

"பொம்பளைங்களுக்குச் சூடு வேணும்ப்பா. எண்பதாவது வெச்சாத்தான் வீட்ல தங்குவாங்க. ஒரு அனுபவத்துல சொல்றேன்."

நல்ல யோசனை சொன்னதற்காக எல்டனுக்கு அவன்மேல் இன்னும் எரிச்சல் வந்தது. வீட்டுக்குப் போனதும் எண்பது வைத்தான். கூரை ஓரத்து ஊசிகள் தரையைத் தொட்டன.

திங்கட்கிழமை நேடின் தபால் அலுவலகத்திலிருந்து வந்து, வாசலில் நின்று, கோட்டைக் கழற்றாமலே திரும்பி நாரிஸ் வீட்டுக்குப் போனாள்.

மணி ஒன்று.

*

நாற்காலியைக் கூடத்துக்குக் கொண்டுவர ஒரே வழிதான் இருந்தது. சுவரில் தகரம் அடித்தால் விதிப்படி அடுப்பைச் சுவர்ப் பக்கம் தள்ளலாம். தள்ளினால் எதிரே இடம் கிடைக்கும்.

தகரம் அடித்தான். மிஸஸ் திபோடோ பஸ்ஸை வாசலில் நிறுத்திவிட்டு வந்து தகரத்தைத் தட்டினார்.

"இதுக்குப் பின்னாடி என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒரு அங்குல இடைவெளி. நீங்க சொன்ன மாதிரி."

"இடைவெளியில?"

"மரச் சட்டம்."

மரமும் எரியற பொருள்தான் என்று அவர் படிவத்தில் எழுதினார்.

எல்டன் தகரத்தைப் பிரித்தான். சுவரில் எழுபது ஆணி ஓட்டை. மரச் சட்டத்துக்குப் பதிலாகப் பீங்கான் உருளைகளுக்குச் சொல்லிவிட்டு எட்டு நாள் காத்திருந்தான். எட்டு நாளும் நேடின் ஒரு மணிக்குப் போனாள். ஆறு மணிக்குச் சிவந்த கன்னத்தோடு வந்தாள். ஒருநாள் மூக்கும் சிவந்திருந்தது.

"எதுக்கு இவ்வளவு பாடு?" என்றாள் ஒருநாள் சாப்பாட்டின்போது. மான்கறித் துவட்டல். அவள் அதை ஆறவைத்துச் சாப்பிட்டாள். "எனக்கு அடுப்பு வேணும்னு நான் எப்பவாவது கேட்டேனா?"

"நீ கேக்கல. நடந்து போறே."

"எல்டன்."

"முப்பது வருஷமா அந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தே. எனக்குக் கொட்டகையிலேருந்து உன் தலை தெரியும். இப்ப அங்க ஒண்ணும் தெரியல. எஞ்சினைப் பிரிச்சுப் போட்டா மறுபடி சேர்க்க வரல."

அவள் கரண்டியை வைத்தாள். ஏதோ சொல்ல வந்தாள். நெற்றியில் வேர்வை அரும்பியது. எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து பனியில் நின்றாள்.

அழுகிறாள் என்று நினைத்து அவன் பின்னால் போகவில்லை.

*

முப்பதாவது நாள் மிஸஸ் திபோடோ பன்னிரண்டு மணிக்கு வந்தார். அடுத்த பஸ் இரண்டரைக்கு.

தரைப் பலகையை அளந்தார். குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் திருகாணிகளை எண்ணினார். புகை மணியை அழுத்திப் பார்த்தார். தகரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தார். கடைசியில் அடுப்பிலிருந்து நாற்காலிவரை டேப்பை நீட்டினார்.

"முப்பத்தாறு," என்றார். "மயிரிழை பிசகல. ஏத்துங்க கண்ணு."

நேடின் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். கை கொக்கியின் பக்கம் போயிற்று.

"ஒரு மணி நேரம்," என்றான் எல்டன். "ஒரே ஒரு மணி நேரம் உட்காரு. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

அவள் அவனைப் பார்த்தாள். போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எல்டன் தீக்குச்சியைக் கிழித்தான். காய்ந்த மேப்பிள். படபடவென்று பிடித்துக்கொண்டது. குழாய் சூடேறி டிக் டிக் என்றது. ஒரு துளி புகை உள்ளே வரவில்லை. அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மூன்று மாதத்தில் அவனுக்கு இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

நாலு நிமிடம் போயிற்று. நேடின் சட்டையின் மேல்பித்தானைக் கழற்றினாள். அடுத்ததையும் கழற்றினாள். படிவத்தை எடுத்து விசிறிக்கொண்டாள். முகம் செங்கல் நிறமாயிற்று.

ஐந்தாவது நிமிடம் எழுந்தாள்.

"மன்னிச்சுக்கோ எல்டன். நல்ல அடுப்பு. நிஜமாவே நல்ல அடுப்பு."

கம்பளிச் சட்டையை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் பாதையில் போவது ஜன்னலில் தெரிந்தது. ஓட்டமும் நடையுமாக. பாதிவழியில் சட்டையை மாட்டிக்கொண்டாள்.

மிஸஸ் திபோடோ மூன்று இடத்தில் முத்திரை குத்தினார். கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடினார்.

"அவங்களுக்கு எப்ப ஆரம்பிச்சது?"

"எது?"

"உடம்புச் சூடு. மாதவிலக்கு நிக்கற வயசுல வருமே. எனக்கு மூணு வருஷம் இருந்தது. ஜனவரியில பஸ் ஜன்னல் எல்லாத்தையும் திறந்து வெச்சுட்டு ஓட்டினேன். பிள்ளைங்க எல்லாம் பின்னாடி ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். பெத்தவங்க மனு குடுத்தாங்க."

எல்டன் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். கதவிடுக்கு. சுவர் ஓட்டை. குளிர்பெட்டி. பின்கதவு. ஒவ்வொன்றாக வந்தன.

"சூடுன்னா பிடிக்காதுன்னா, நாரிஸ் வீட்டுக்கு ஏன் போறா?" என்றான். "அவன் வீட்லதான் ஊர்லயே நல்ல அடுப்பு இருக்கே."

"எந்த அடுப்பு? அக்டோபர்ல நான்தான் போய் ஏத்தக்கூடாதுன்னு சிவப்பு அட்டை மாட்டிட்டு வந்தேன். அதைச் சொல்ல வந்தப்பதான் நாரிஸ் கதை வேண்டாம்னீங்க. அது இன்னும் ஒரு நாள்கூட எரியல. குழாய்த் தண்ணி உறையாம இருக்க ஒரு சின்ன ஹீட்டர் வெச்சிருக்கார், அவ்வளவுதான். இந்த ரோட்டுலயே குளிர்ச்சியான வீடு அது."

எல்டன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். புகையில்லாத புகைபோக்கி. உருகாத கூரை. குறையாத விறகு. எத்தனை நாள் கொட்டகையிலிருந்து அதையெல்லாம் பார்த்து வெந்திருக்கிறான்.

சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால். பிறகு ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுடைய வீடு நாரிஸின் வீட்டைவிட நல்ல வீடு. அவனுடைய அடுப்பு நாரிஸின் அடுப்பைவிட நல்ல அடுப்பு. நேடின் நாரிஸைப் பார்க்கப் போகவில்லை. குளிரைப் பார்க்கப் போனாள். அவ்வளவுதான். இன்றைக்கே திருகை அறுபதுக்கு இறக்கலாம். ஓர் ஓட்டையைத் திரும்பத் திறந்தும் வைக்கலாம்.

முப்பது நாளில் முதல் தடவையாக அவனுக்கு நாரிஸ்மேல் இரக்கம் வந்தது. குப்பைக் கிடங்கில் இரண்டு கோட்டு போட்டு நின்ற மனுஷன்.

கருவிப் பெட்டியை எடுத்தான்.

"பாவம். பெருமைக்காரன், உதவின்னு கேக்கமாட்டான். நானே போய் முடிச்சுக் குடுத்துடறேன். அதுல அப்படி என்ன கோளாறு?"

"குழாய் மூட்டுல மூணு திருகாணி இல்ல, கண்ணு," என்றார் மிஸஸ் திபோடோ கையுறையை மாட்டியபடி. "நவம்பர்லயே நான் கொண்டுபோய்க் கையில குடுத்தேன். அதைக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டு, வீடு இப்படியே இருக்கட்டும்னுட்டார்."